பருத்தி மாருக்கு எத்தனை டிகிரி?

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பருத்தி மாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடியின் தண்டை, டிரம்மில் கரித்து மண்ணில் போட எத்தனை டிகிரி சூடு வேண்டும், "நானூறா அறுநூறா, ஒரே பதிலாகச் சொல்" என்று கேட்டிருக்கிறாய். உன் கரிசலுக்கு 400 டிகிரி செல்சியஸ். ஆனால் அதே மாரைக் கரித்து உன் மச்சானின் குமரிச் செம்மண்ணில் போடுவதாயிருந்தால் 550 என்பேன். மண்ணைப் பார்க்காமல் சூட்டை முடிவு செய்ய முடியாது.

சூடு ஏற ஏறக் கரியிலிருந்து அமிலக் கூறுகள் வாயுவாகப் போய்விடும். பொட்டாசியமும் கால்சியமும் கார்பனேட்டாகத் தங்கிவிடும். 350-ல் கார அமில நிலை (pH) ஏழெட்டை ஒட்டி நிற்கிற கரி, 600-ல் பத்தைத் தொடும். உன் நிலமோ ஏற்கெனவே எட்டுக்கு மேல், சுண்ணாம்பு வேறு. அதில் பத்தைக் கொட்டினால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் இன்னும் இறுகிப் போகும். புளித்த செம்மண்ணுக்கு அதே காரம்தான் மருந்து.

இன்னொன்று, கரியின் மேற்பரப்பில் சத்தைப் பிடித்து வைக்கிற கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகள் 350 முதல் 450 வரையில் ஓரளவு மிஞ்சும், 600-ல் பெரும்பாலும் காலி. தழைச்சத்தும் அப்படித்தான், சூட்டோடு போய்விடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் செறிந்து நிற்கும்.

400-லும் குறை இல்லாமல் இல்லை. கரி எவ்வளவு காலம் மட்காமல் நிற்கும் என்று காட்டுகிற ஹைட்ரஜன்–கரிம விகிதம் 0.7-ஐ ஒட்டித்தான் வரும்; 550-க்கு மேல் போனால் 0.4-க்குக் கீழே இறங்கும், மண்ணில் அதிக காலம் நிற்கும். குறைந்த சூட்டுக் கரி புதிதில் தண்ணீரையும் ஒட்டவிடாது, மிதக்கும். நுண்துளைப் பரப்பு 500-ஐத் தாண்டித்தான் சட்டென்று விரியும். அது நல்லதுதான் என்று முடிவு கட்டிவிடாதே: விதைத்ததும் நீ அடிக்கிற களைக்கொல்லி பெண்டிமெத்தலினையும் அந்தத் துளைகள் உறிஞ்சிக்கொள்ளும், களை சிரித்துக்கொண்டு முளைக்கும்.

உன் டிரம்மில் வந்த "பாதி கரி, பாதி பழுப்பு" சூட்டுக் குறைவால் மட்டும் வந்ததல்ல. சூடு அளக்கிற கே வகை தெர்மோகப்பிளைத் தகட்டோரம் செருகியிருக்கிறாய். 200 லிட்டர் டிரம்மில் ஓரத்துக்கும் நடுவுக்கும் நூறு டிகிரிக்கு மேலேகூட வித்தியாசம் இருக்கும். ஒன்றை நடுவிலும் வை. நடு 400-ஐத் தொட்டபின் ஒரு மணி நேரம் அப்படியே நிற்கட்டும். மாரை விரல் நீளத்துக்கு வெட்டு, ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழ் இருக்கட்டும். ஈர மார் விறகைத்தான் தின்னும். வெள்ளைப் புகை நீராவி. மஞ்சள் புகை தார். அந்தப் புகையைக் குழாய் வழியாக அடுப்புக்கே திருப்பி எரி. மேல் மூடியில் குளிர்ந்து சொட்டினால் தார் கரியிலேயே ஏறும். அந்தக் கரியைத் தேய்த்தால் கை பிசுபிசுக்கும், வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. சந்தேகமிருந்தால் கரி கலந்த மண்ணிலும் கலக்காத மண்ணிலும் பாசிப்பயறு பத்துப் பத்து ஊன்றி, முளைப்பைப் பார்.

சூடாக இருக்கும்போது திறக்காதே. காற்றுப் பட்டதும் கனன்று, மறுநாள் காலையில் சாம்பல்தான் மிஞ்சும். விளிம்பைக் களிமண்ணால் பூசி, கை தாங்கும் அளவு ஆறிய பிறகு திற. 100 கிலோ காய்ந்த மாரில் 350-ல் 40 கிலோவை ஒட்டியும், 600-ல் 30-க்கு அருகிலும் கரி கிடைக்கும்.

மாருக்குப் பதில் நெல் உமியைக் கரித்தால், அந்தக் கரியின் எடையைப் பார்த்து மட்டும் ஏமாறாதே. அதில் பாதிக்குக் கிட்ட சாம்பல், பெரும்பகுதி சிலிக்கா. அரிசி ஆலையில் கடுஞ்சூட்டில் எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமாகியிருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, அள்ளும்போது நனைத்து அள்ளு.

நிலத்தில் போடுமுன் கரியையும் நன்கு மக்கிய எருவையும் சமபங்காகக் கலந்து, நனைத்து, மூன்று நான்கு வாரம் போட்டு வை. இல்லாவிட்டால் முதல் பருவத்தில் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். ஏக்கர் முழுக்கப் பரப்பாமல், செடி வரிசையோரம் மட்டும் போட்டால் கரி மிச்சம்.

அடுத்த டிரம் போடுமுன் இதைச் செய்: ஒரு பங்கு கரிக்கு இருபது பங்கு காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, ஒன்றரை மணி நேரம் குலுக்கி, மீட்டரில் கார அமில நிலையை அளந்து எழுது. ஒன்பதைத் தாண்டியிருந்தால் அந்த மூட்டையை மச்சானுக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
ராமசாமி