கேற் தெரிகிற அந்தப் படத்தை எடுத்துவிடு

மட்டக்குளி, கொழும்பு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குக் கண் ஒபரேஷன் நல்லபடி முடிந்தது, மருந்து விடத்தான் அடம் பிடிக்கிறார். மற்றதெல்லாம் தங்கச்சி சொல்லியிருப்பாள். நான் எழுத வந்தது உன் எஞ்சின் போட்டைப் பற்றி.

நீ பேஸ்புக்கில் போட்ட படத்தை அவள் காட்டினாள். ட்ரெய்லரில் ஏற்றிய போட்டுக்குப் பக்கத்தில் நீ நிற்கிற பழைய படம். பின்னால் எங்கள் கேற், கேற்றில் வீட்டு நம்பர், முன் கடையின் பெயர்ப்பலகை எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நீ டொரோன்டோவில் இருப்பதும் அதிலேயே இருக்கிறது. கள்ளனுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. அதை எடுத்துவிடு மகன். கடலில் எடுத்த படங்கள் எத்தனை இருக்கின்றன, அதில் ஒன்றைப் போடு.

வீணாகப் பயப்படுகிறேன் என்று நினைக்காதே. போன மாதம் அடுத்த ஒழுங்கையில் ஒரு வளவுக்குள் நின்ற போட்டிலிருந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 15 குதிரைவலு எஞ்சின். பின்பலகையில் இரண்டு திருகு இறுக்கி மாட்டுவதுதானே, அதைக் கையாலேயே தளர்த்தலாம். இரண்டு பேர் தூக்கி த்ரீவீலில் வைத்தால் முடிந்தது. சத்தமே கேட்கவில்லையாம். அந்த மனுசன் விடிய பொலிசுக்கு ஓடினார். எஞ்சின் நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எஞ்சினோடு நம்பரும் போய்விட்டது.

உன் எஞ்சின் வீட்டு ஹோலுக்குள், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மரச்சட்டத்தில் நிற்கிறது. நீ சொல்லித்தந்தபடி நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவிய பிறகுதான் சின்ன மாமா ஆட்களைக் கூட்டிவந்து தூக்கி வைத்தார். பற்றரி, பெற்றோல் இல்லாத வெறும் டாங்கி, மீன் பார்க்கிற அந்தக் கருவி, லைஃப் ஜக்கெட்டுகள் எல்லாம் உன் அறையில். கட்டிலில் ஒன்றும் வைக்கவில்லை. அது விரித்தபடியே இருக்கிறது.

வெளியே நிற்பது போட்டும் ட்ரெய்லரும்தான். ட்ரெய்லரின் தலையை, அதுதான் வாகனத்தில் கொளுவுகிற பக்கத்தை, மதிலைப் பார்க்கத் திருப்பிவிட்டோம். இப்போது ஒருவன் வாகனத்தைக் கொண்டுவந்தாலும் நேராகக் கொளுவ முடியாது, முதலில் முழுவதையும் சுற்றித் திருப்ப வேண்டும். நீ வாங்கிவைத்த தலைப்பூட்டும் போட்டிருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது என்கிறார் மாமா. அந்தத் தலையே இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறதாம், ஸ்பானர் உள்ளவன் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டுவான், இல்லாவிட்டால் சங்கிலியால் கட்டி இழுப்பான். அதனால் சில்லு இரண்டையும் கழற்றி, அச்சுக்குக் கீழே கட்டை அடுக்கி நிறுத்தியிருக்கிறது. டயருக்கும் அது நல்லது. ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றால் ரப்பரில் வெடிப்பு விழும். சில்லுகள் உன் கட்டிலுக்குக் கீழே.

சங்கிலியை ட்ரெய்லரின் சட்டத்துக்குள்ளால் விட்டு, நிலத்தில் கொங்கிரீட் போட்டுப் பதித்த வளையத்தோடு பூட்டியிருக்கிறோம். தொங்கவிடவில்லை, இறுக்கி. சங்கிலி நிலத்தில் கிடந்தால் வெட்டுகிறவனுக்குச் சுகம், கட்டரின் ஒரு பிடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மற்றப் பிடியில் முழுப் பாரத்தையும் போட்டு அமத்துவான். அப்புறம், போட்டை ட்ரெய்லரோடு பிடிக்கிற வின்ச் பட்டி வெறும் நூல், கத்தி பட்டால் அறுந்துவிடும். அதற்காகப் போட்டின் மூக்கு வளையத்திலும் தனியாக ஒரு சங்கிலி.

பூட்டுத்தான் என் கவலை. காக்கைத்தீவுப் பக்கத்து உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. பெரிய ஆமைப்பூட்டின் வளைவில் செம்மண் நிறத்தில் துரு கிளம்பிவிட்டது. திறப்பைப் போட்டால் பாதியில் நிற்கும், கொஞ்சம் ஆட்டிவிட்டால்தான் திரும்பும். அப்பா தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். அது பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும். நான் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி மழை போகாதபடி துவாரத்துக்கு மேலே கட்டிவிட்டேன்.

மழைக்குப் பிறகு போட்டை மூடிய படங்கையும் தட்டிவிட வேண்டியிருக்கிறது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் டெங்கு பார்க்க வருகிறவர்கள் வழக்குப் போடுவார்கள். அதைவிட, தண்ணீரும் சருகும் தேங்கிக் கிடக்கிற போட்டைப் பார்த்தால் கவனிக்க ஆள் இல்லை என்று தெருவில் போகிறவனுக்கே தெரிந்துவிடும். மூக்கை உயர்த்தி, அடியில் உள்ள தக்கையைக் கழற்றி வைத்திருக்கிறேன். உள்ளே போகிற தண்ணீர் தானாக வடிந்துவிடும். சிம் போட்டு போட் எங்கே நிற்கிறதென்று போனில் பார்க்கிற கருவி ஒன்று வாங்கலாம் என்கிறாள் தங்கச்சி. நல்லதுதான், ஆனால் அதற்கு அடிக்கடி சார்ஜ் ஏற்ற வேண்டும், செத்துப்போனால் ஒரு பிரயோசனமும் இல்லை. வாங்கட்டுமா? நீ சொன்னால் வாங்குகிறேன். எதைக் கேட்டாலும் பதில் வருவதில்லை, அதனால் அதுவும் அப்படியே நிற்கிறது.

நீ அவளுக்கு அனுப்பிய வொய்ஸ் எனக்கும் கேட்டது. வித்தாலும் பரவாயில்லை என்று சொன்னாய். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்க மாட்டேன். அங்கே உன் யோசனைகள் என்னவென்று நீயாகச் சொல்லும்போது சொல். மாமாவிடம் ஒருவர் வந்து விலை கேட்டார். மகன் இல்லாமல் ஒன்றும் கதைக்க முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவை எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தபோது இதே போட்டை ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டு போனாய். தடுத்தேன், நீ கேட்கவில்லை. இரவு முழுக்க வரவில்லை. அடுத்த நாள் சேறு அப்பிய காலோடு வந்து சோறு கேட்டாய். யாரை ஏற்றினாய், எத்தனை பேர் என்று வாயே திறக்கவில்லை. ஒரு தாய் குழந்தையோடு வீடு தேடி வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. போன ஞாயிறு கோயிலில் கண்டேன், போட் மாமா எப்போ வருவார் என்று கேட்டது. நான் என்ன சொல்ல?

விற்கிற மனம் உள்ளவன் இரவு ஒரு மணிக்கு அந்தப் படத்தைத் தேடியெடுத்துப் போடுவானா? அந்தப் படத்தைக் கண்டதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனாலும் எடுத்துவிடு. அடுத்த ஒழுங்கைக்கு வந்தவனுக்கு இந்த ஒழுங்கை தெரியாதா?

ஒரு காரியம் மட்டும் உன் கையில் இருக்கிறது. எஞ்சின் நம்பரை, அதைப் பின்பலகையில் மாட்டுகிற பிடியில் உள்ள தகட்டிலிருந்து பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டேன். போட்டின் பின்பக்கத்தில் உள்ள நம்பர் பெயின்ட் பட்டு மறைந்து பாதிதான் வாசிக்க முடிகிறது. முழு நம்பர் வாங்கின பில்லில் இருக்கும். அலுமாரி முழுக்கத் தேடிவிட்டேன், இல்லை. எங்கே வைத்தாய்? பெரிய ஆமைப்பூட்டின் இரண்டாவது திறப்பும் காணவில்லை. நீ கொண்டுபோயிருந்தால் சொல், அதுவே எனக்கு நிம்மதி. இல்லையென்றால் பூட்டை மாற்ற வேண்டும்.

வொய்ஸ் அனுப்பாதே, கோல் எடு. இங்கே விடியும்போது உனக்கு வேலை முடிந்திருக்கும்தானே. அப்பாவும் அந்த நேரம் முழித்துத்தான் இருப்பார்.

அம்மா