பச்சை ஜீப்பும் பதிவுச் சான்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் உள்ள எங்கள் வட்டாரத்தில், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி பக்கம் போகும் தனியார் ஜீப்புகள் சில ராணுவப் பச்சை நிறத்திலேயே ஓடுகின்றன.

ராணுவம் கழித்துவிட்ட ஜிப்ஸி, ஜோங்கா போன்ற ஜீப் வகை வண்டியை ஏலத்தில் முறையாக எடுப்பது குற்றமன்று; ஏல ரசீது ஒன்றே போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 60-ஆவது பிரிவின்படி ராணுவ வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு என்றாலும், மேல்நோக்கிய அம்புக்குறி கொண்ட அந்த எண் வண்டி மத்திய அரசின் வசம் இருக்கும்வரைதான் செல்லும். கைமாறியதும் 39, 40-ஆவது பிரிவுகள் பொருந்துவதால், வாங்கியவர் தம் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், இங்கென்றால் டி.என். 65 வரிசையில், பதிவு செய்தாக வேண்டும்.

2016-இல் நானும் அப்படியொரு ஜிப்ஸியை, முதலில் ஏலம் எடுத்தவரிடமிருந்து வாங்கினேன். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் உப்புக்காற்றில் அரித்துப் போயிருந்தது. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது கடைசி இரண்டு இலக்கங்கள் விழவேயில்லை. ஏலத் தாள்களின் மூலப் பிரதிகளைத் தேடிப் பதிவை முடிக்க எட்டு மாதம் பிடித்தது. விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. பார்க்காமல் பணம் கொடுத்தவன் நான்.

அடுத்தது நிறம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 121-ஆவது விதி, தனியார் ஜீப்புக்கு ஆலிவ் பச்சை அடிப்பதைத் தடை செய்கிறது. "அந்தக் கலருக்குத்தானே சார் மவுசு" என்று பெயின்டர் தயங்கினார். வெள்ளைதான் அடிக்கச் சொன்னேன். கடல்வழியாக எது வருமோ என்று இரவு பகலாகக் கண்காணிக்கும் கரையில், ராணுவ வண்டியோ என்று ஐயுறும்படி ஒரு தனியார் வண்டி திரிவதை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பீரங்கி பொருத்திய வண்டி என்றால் பேச்சே வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பீரங்கி தடை செய்யப்பட்ட ஆயுதம்.

இன்னொன்று: 15 ஆண்டுகள் கடந்த அரசு வண்டிகளின் பதிவு 1.4.2023 முதல் காலாவதியாகிறது. பாதுகாப்புப் பணியில் உள்ள கவச வண்டி போன்ற சிறப்பு வகைகளுக்கு மட்டுமே விலக்கு. "மிலிட்டரி வண்டி மலிவாக இருக்கிறது" என்று வரும் தரகரிடம் முதலில் தயாரிப்பு ஆண்டைக் கேட்க வேண்டும்.

ஏல வண்டியைப் பதியத் தேவையான தாள்களின் பட்டியலை வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் தமிழில் ஒட்டுமாறும், பாம்பன் பாலத்தைத் தாண்டும் பச்சை ஜீப்புகளின் பதிவுச் சான்றைச் சரிபார்க்குமாறும் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜீப் மெக்கானிக் ஒருவர்,
மண்டபம்.