கம்பஸ் தனிப் பல்கலைக்கழகம் ஆகட்டும், அதற்கு முதல் திட்டத்தைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தைத் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்த வேண்டும் என்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழும்பிப் பேசுகிறார், நல்ல கைதட்டலும் கிடைக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாக மாறியதற்குப் பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது, அவர்களுக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் கிடைக்காது என்ற கோபமும் நியாயம்தான். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பெயர்ப்பலகை மாறின அடுத்த நாள் அங்கே புதிதாக என்ன நடக்கப் போகிறது, யாருக்கு எதைப் படிப்பிக்கப் போகிறீர்கள், இந்த மாவட்டத்தின் எந்த நோயை எந்தத் தண்ணீரை எந்தக் கடலை ஆராயப் போகிறீர்கள் என்று கேட்டால் பேசினவர் பக்கத்துக் கதிரைக்காரரைத் திரும்பிப் பார்க்கிறார்.

எங்கள் நாட்டின் அரச பல்கலைக்கழகங்கள் சில வருடங்களுக்கு ஒரு தடவை மூலோபாயத் திட்டம் என்று ஒன்றை எழுதுகின்றன, பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு. ஓய்வுபெற்ற பிறகு எனக்கு நேரம் நிறைய, அதனால் இணையத்தில் கிடைக்கிற சிலவற்றை இறக்கி வாசித்தேன் (இதைவிட வேறு வேலை இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள்). முதலில் தூரநோக்கு, பிறகு பணிக்கூற்று, பிறகு பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம் போட்ட பெட்டி, அதன் பின்னால் பக்கம் பக்கமாக அட்டவணை. கற்பித்தல் ஒரு இலக்கு, ஆராய்ச்சி இன்னொரு இலக்கு, சமூக சேவை கடைசியில் ஒரு இலக்கு, சுகாதாரம் என்றால் அது மருத்துவ பீடத்தின் பாடு. பெயரை மறைத்துவிட்டு ஒருவரிடம் கொடுத்தால் அந்தப் பல்கலைக்கழகம் மலையில் இருக்கிறதா கடற்கரையில் இருக்கிறதா என்றுகூட அவரால் சொல்ல முடியாது. நான் சொல்ல வந்தது இதுதான்: திருகோணமலைக்கு எழுதுகிற திட்டம் திருகோணமலையில் இருந்துதான் தொடங்க வேண்டும், கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் சுகாதாரத்தையும் இங்கே தனித்தனி அத்தியாயமாக எழுதினால் மூன்றுமே கடதாசியில்தான் கிடக்கும்.

கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது, தலைமை வந்தாறுமூலையில். அதன் கீழ் எங்கள் வளாகம் 2001இல் உருவானது, இப்போது கோணேசபுரியில் இருக்கிறது. தொடர்பாடலும் வணிகமும் ஒரு பக்கம், பிரயோக விஞ்ஞானம் ஒரு பக்கம், சித்த மருத்துவம் ஒரு பக்கம். மேலைத்தேய மருத்துவமும் தாதியமும் மட்டக்களப்பில். இரண்டுக்கும் நடுவில் மூதூர், வெருகல், வாகரை என்று நூறு கிலோமீற்றருக்கு மேல் வீதி. ஆகவே சுகாதாரம் என்ற சொல் வந்தவுடனே எழுதுகிறவர்களின் கண் மட்டக்களப்புப் பக்கம் போய்விடுகிறது, அது இயல்பு. இங்கே நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, கந்தளாயில், கிண்ணியாவில், மூதூரில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன, நிலாவெளி வீதியில் எங்கள் வளாகம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்து யோசித்த ஒரு வரியை நான் இன்னும் காணவில்லை.

சிறுநீரக நோயை எடுங்கள். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் முடிவாகத் தெரியாத அந்த நாட்பட்ட சிறுநீரக நோய் எங்கள் மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுர பக்கத்திலும் இருக்கிறது. தண்ணீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும் என்கிறார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்து என்கிறார்கள், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்கிறார்கள், எல்லாம் சேர்ந்துதான் என்பவர்களும் உண்டு. அனுராதபுரத்தில் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இதை எடுத்து ஆராய்கிறது, ஏனென்றால் நோயாளிகள் அவர்கள் வாசலில் நிற்கிறார்கள். இங்கே ஒரு கிளினிக் நாளில் வரிசையில் இருக்கிற விவசாயியின் கொப்பியை வாங்கிப் பாருங்கள். பொலித்தீன் உறைக்குள் சுற்றி வைத்திருப்பார், மூலையெல்லாம் மடங்கி, பின்பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, அதில் ஒவ்வொரு திகதிக்கும் நேரே, சிறுநீரகம் எவ்வளவு பழுது என்று இரத்தத்தில் காட்டுகிற கிரியாட்டினின் அளவு. தன் பிள்ளையின் பிறந்த நாளை மறந்தாலும் அந்த இலக்கத்தை மறக்கமாட்டார். அதே ஆள் கிராமத்து ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டின தண்ணீரைக் கானில் வாங்கிக் குடிக்கிறார், பின்னேரம் ஒரு பரம்பரை வைத்தியர் கொடுத்த கஷாயத்தையும் குடிக்கிறார். கிளினிக்கில் கஷாயத்தைப் பற்றிச் சொன்னால் ஏச்சு விழும் என்று பயம், வைத்தியரிடம் குளிசைகளின் பெயரைச் சொல்லத் தெரியாது. எதை எதோடு சேர்த்துக் குடித்தார், எந்தக் கிணற்றில் இருந்து எத்தனை வருடம் குடித்தார் என்பதை ஒரு இடத்திலும் ஒருவரும் எழுதி வைப்பதில்லை.

இலங்கையில் சித்த மருத்துவப் பட்டம் படிக்கக்கூடிய இடம் இரண்டுதான், யாழ்ப்பாணம் ஒன்று, எங்கள் திருகோணமலை மற்றது. அப்படியென்றால் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எங்களைவிட்டால் வேறு ஆர்? சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளை நோயாளியோடு தமிழில் ஆறுதலாக இருந்து கஷாயத்தின் கணக்கை எழுதலாம், பிரயோக விஞ்ஞானத்தில் கணினி படிக்கிற பிள்ளை அதைக் கிராமவாரியாகப் பதிந்து வைக்கலாம், பௌதிக விஞ்ஞானப் பிள்ளை கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க உதவலாம், பொது வைத்தியசாலையின் வைத்தியர் அதைப் பார்த்து எது ஆபத்து என்று சொல்லலாம். இது கற்பித்தலா, ஆராய்ச்சியா, சுகாதார சேவையா? ஒரே வேலைதான். சித்தம் உயர்ந்ததா ஆங்கில மருத்துவம் உயர்ந்ததா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை, சில மருந்துகள் பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்பது இரண்டு பக்கத்து மருந்துக்கும் பொருந்தும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒரே கொப்பியைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

டெங்கையும் மறந்துவிட்டோம். 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு இந்தப் பத்திரிகையை வாசிக்கிற எல்லோருக்கும் நினைவிருக்கும், கட்டிலுக்கு இரண்டு பேர், பாடசாலைகளுக்குப் பூட்டு, வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த வருடம் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. பொது சுகாதாரப் பரிசோதகர்கள் ஒரு கையில் ரோச் லைற்றும் மறு கையில் படிவமுமாகக் கிணறு கிணறாக, தொட்டி தொட்டியாக அலைந்தார்கள், ஆட்கள் காணாது. சைக்கிளில் போகிற தூரத்தில் இளம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் படிக்கிற ஒரு மாவட்டத்தில் இப்படி ஆட்கள் காணாமல் போக வேண்டியதில்லை. எந்த ஒழுங்கையில் எத்தனை வீட்டில் நுளம்புக் குடம்பி கிடந்தது என்ற தரவு வருடா வருடம் இருந்தால் அடுத்த தடவை காய்ச்சல் வருவதற்கு முன்னமே போகலாம். தொடர்பாடல் படிக்கிற பிள்ளைகளுக்கும் அதில் வேலை உண்டு, சுகாதாரத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தை வாசித்திருக்கிறீர்களா? சிலவற்றை எனக்கே விளங்கவில்லை.

கடலைப் பற்றி நீட்ட மாட்டேன், நீட்டினால் கடிதம் போதாது. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடா, கடலுக்கடியில் ஆழமான பள்ளத்தாக்கு, கரையில் இருந்து அதிக தூரம் போகாமலே நீலத் திமிங்கலம், புறாத்தீவில் பவளப்பாறை, புல்மோட்டையில் கனிய மணல். வளாகத்தில் கடலுக்கென்று ஒரு பீடம் கிடையாது. கடல் விஞ்ஞானம் படிக்க விரும்புகிற எங்கள் பிள்ளை மாத்தறை போன்ற தூர இடங்களுக்குப் போக வேண்டும்.

இப்படிக் கேட்டால் உடனே வருகிற பதில், மருத்துவ பீடம் கட்டக் காசு எங்கே, போதனா வைத்தியசாலை கட்டக் காசு எங்கே என்பது. கட்டடம் ஒன்றும் கேட்கவில்லையே. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள், பத்து வளாகம் உள்ள அரச பல்கலைக்கழகம், பணக்காரர்கள்தான், அவர்களோடு எங்களை ஒப்பிட முடியாது, அது வேறு. ஆனால் அவர்கள் ரிவர்சைட் வளாகத்தில் 2013இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது காரணமாகச் சொன்னது அந்தப் பிரதேசத்தில் வைத்தியர்கள் போதாது என்பதைத்தான். தனக்கென்று ஒரு வைத்தியசாலை கட்டவில்லை, சுற்றியிருந்த வைத்தியசாலைகளோடு ஒப்பந்தம் செய்து பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். படித்து முடித்து அதே பிரதேசத்தில் வேலை செய்ய ஒத்துக்கொள்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் வைத்தார்கள். 2005இல் அவர்கள் திறந்த மேர்சட் வளாகமும் அப்படித்தான், அதுவரை அவர்களின் ஒரு வளாகமும் இல்லாத விவசாயப் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். தேவை எங்கே என்று முதலில் பார்த்தார்கள், பீடத்தின் பெயர் பிறகு வந்தது.

எங்களிடம் உள்ள பெரிய தட்டுப்பாடு ஆள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்களும் வைத்தியர்களும் வெளிநாடு போனது எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆளணி வெற்றிடத்தை நிரப்பத் திறைசேரி இலேசில் விடாது. அதனால்தான் சொல்கிறேன், இருக்கிற ஆட்களைப் பங்குபோட்டு வைத்திருக்க இது நேரமில்லை. பொது வைத்தியசாலையில் வேலை செய்கிற விசேட நிபுணர் ஒருவரை வளாகத்துக்கு வருகை விரிவுரையாளராகக் கூப்பிட எத்தனை கையொப்பம் வேண்டும்? மாகாண சபையின் கீழ் வருகிற வைத்தியசாலைக்கு ஒரு நடைமுறை, மத்திய அமைச்சின் கீழ் வருவதற்கு வேறு நடைமுறை, பல்கலைக்கழகத்துக்கு மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கை. இந்த மூன்று கதவுக்கும் ஒரு சாவி செய்வதுதான் உண்மையான மூலோபாயம், தூரநோக்கு வசனத்தை அழகாக எழுதுவது இல்லை.

அப்புறம் பிள்ளைகள். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது, மாவட்டக் கோட்டாவுக்கு மேலதிகமாக, அந்த மாவட்டங்களுக்கென்று ஒதுக்குகிற ஐந்து வீத இடங்களிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. அப்படிப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? முப்பது வருடத்துக்குக் கிட்ட உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஈச்சிலம்பற்றில் இருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைக்குக் கெட்டித்தனம் குறைவாக இருந்ததில்லை, செய்முறைப் பரிசோதனைக்கு அமிலம்கூட இல்லாத ஆய்வுகூடம்தான் இருந்தது. வளாகத்தின் ஆய்வுகூடத்தை விடுமுறை நாட்களில் அந்தப் பாடசாலைகளுக்குத் திறந்துவிடுவது பெரிய செலவு இல்லை. இதையும் திட்டத்தில் எழுதுங்கள், சமூக சேவை என்ற கடைசிப் பக்கத்தில் போடாமல் கற்பித்தல் என்ற முதல் பக்கத்தில்.

எழுதும்போது தயவுசெய்து ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்தில் பொறுப்பானவரின் பதவி, முடிக்கிற மாதம், தேவைப்படுகிற காசு, அது எந்தத் தலைப்பில் இருந்து வரும் என்பதையும் எழுதுங்கள். காசு இல்லாத இலக்கை இல்லை என்றே எழுதுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம். ஆங்கிலத்தில் மட்டும் வெளியிட வேண்டாம், மூன்று இனமும் வாழ்கிற மாவட்டம் இது, தமிழிலும் சிங்களத்திலும் பத்துப் பக்கச் சுருக்கமாவது பிரதேச செயலகங்களிலும் நூலகங்களிலும் வையுங்கள். வருடம் முடிய எது நடந்தது எது நடக்கவில்லை என்று இந்தப் பத்திரிகையில் ஒரு அரைப் பக்கம் போட்டால் போதும்.

மக்களின் கருத்துக் கேட்கிற கூட்டம் வைப்பதென்றால் நகரத்து விடுதி ஒன்றின் குளிரூட்டிய மண்டபத்தில் வைக்காதீர்கள். மூதூரில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று, கந்தளாயில் ஒன்று, பதவி ஸ்ரீபுரவில் சிங்களத்தில் ஒன்று. கிளினிக் நாட்களில் வைத்தால் வரவேண்டிய ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ, அறுவடைக் காலமும் சரிவராது. சனிக்கிழமை காலையில் வையுங்கள், கடைசி பஸ் போவதற்கு முன் முடியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.