பூனை வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, வந்திருக்கிற உறுப்பினர்களே, வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் ஆறு நடந்தன. கார்த்திகைக் கூட்டம் மழையால் தள்ளிப்போனது. விசர்நோய்த் தடுப்பூசி கிளிநொச்சியில் ஒரு நாளும் மாங்குளத்தில் ஒரு நாளும் போடப்பட்டது.

சியாமிஸ் பூனையின் நிறங்களைக் காட்டப் பெயின்ற் அடித்து வைத்த நிறப்பலகை பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும். 'பெயின்ற் காசு வீண்' என்ற கதை என் காதுக்கும் வந்தது. பலகைக்குக் காரணமே ஒரு முறைப்பாடுதான். உறுப்பினர் ஒருவர் பிறந்த கிழமையிலேயே பார்த்து முற்பணம் கொடுத்த வெள்ளைக் குட்டி, வீட்டுக்குக் கொண்டுவரும்போது காதும் வாலும் கறுத்திருந்தது. குட்டியை மாற்றிவிட்டார்கள் என்று சண்டை. விற்றவரும் எங்கள் உறுப்பினர். சியாமிஸ் குட்டி எல்லாமே வெளுப்பாகத்தான் பிறக்கும். நிறம் உண்டாக்கும் நொதி அதற்குச் சூட்டில் வேலை செய்யாது; தாயின் வயிற்றுக்குள் முழுக்கச் சூடு. வெளியே வந்த பிறகு சூடு குறைந்த காது, முகம், கால், வாலில் நிறம் ஏறும். காயத்துக்கு மயிர் மழித்த இடம் கறுத்து முளைப்பதும் இதனால்தான். இதை விளங்கவைக்க மூன்று கூட்டம் போனது.

பலகையில் நாலு நிறம். சீல், கறுப்புக்குக் கிட்டின பழுப்பு. சொக்லேட் அதைவிட இளசு. சீல் வெளிறினால் புளூ, சொக்லேட் வெளிறினால் லைலாக். வெளிறவைக்கும் மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கத்தாலும் வரவேண்டும். புளூ என்றதும் மைப்போத்தல் நீலத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், அது சாம்பல். நீலம் கண்ணில் மட்டும், நாலுக்கும் பொது. சிவப்பு, கிறீம் எங்கே என்று பிறகு கேட்டார்கள். பிரித்தானியாவின் பூனை அமைப்பான ஜி.சி.சி.எஃப் அவற்றையும் சியாமிஸ் என்கிறது, அமெரிக்காவின் பூனை அமைப்பான சி.எஃப்.ஏ இந்த நாலோடு நிறுத்துகிறது. கேட்டவர்கள் பலகை வைத்த அன்று வந்திருக்கலாம். வந்தது ஒன்பது பேர், தேத்தண்ணி போட்ட அக்காவையும் சேர்த்து.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். பொருளாளர் விபரம் சொல்வார். பெயின்ற் காசில் பாதி என் கைக்காசு, அதை நான் கேட்கப்போவதில்லை. மீதி கடையில் கடனாக நிற்கிறது. சந்தா பாதிப் பேருக்கு மேல் இரண்டு வருட நிலுவை. பெயர் வாசிக்கவேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும் மிருக வைத்தியருக்கும் கதிரை தூக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி.

வரும் வருடம் செயலாளராக நிற்கும் எண்ணம் எனக்கில்லை. ஒருவரும் முன்வராவிட்டால் யோசிக்கலாம். பலகையின் அடியில் சிவப்புக்கும் கிறீமுக்கும் இடம் விட்டிருக்கிறேன். பொருளாளர் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்.