பதினேழில் மூன்று

அன்புள்ள தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உன் சின்னவன் சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற செய்தியை என் பெரியவனிடமும் சின்னவளிடமும் படித்துக் காட்டினேன். இருவரும் அவனைப் பார்க்க வேண்டும் என்று பிடித்த பிடியை இன்னும் விடவில்லை. கடிதத்தோடு நீ இணைத்திருந்த தாளையும் மேசைமேல் விரித்து இரண்டு மூன்று முறை படித்துவிட்டேன். காலை ஒன்பதரைக்கு இந்த ராட்டினம், பத்தேகாலுக்குப் படகு, பதினொன்றுக்குப் பொம்மலாட்டம் என்று தொடங்கி இரவு வாணவேடிக்கை வரை பதினேழு வரிகள். கல்லூரியில் தேர்வுக்கு அட்டவணை போடுவாயே, அதே கையெழுத்து, அதே அளவெடுத்த கோடுகள். இரண்டரை வயதுப் பெண்ணையும் ஒன்றேகால் வயதுப் பையனையும் முதன்முறையாகத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகும் மகிழ்ச்சி ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அந்த மகிழ்ச்சி அன்று மாலை வரை அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: பதினேழில் பதினான்கை அடித்துவிடு.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியவனுக்கு இரண்டு வயது நிறைந்த மாதத்தில் நாங்களும் இப்படி ஒரு தாளோடுதான் கிளம்பினோம். வீட்டில் புறப்படவே நேரமாகிவிட்டதால் வாசலைத் தாண்டி உள்ளே நுழையும்போது மணி பதினொன்றரை. முதல் சவாரிக்கு வெயிலில் ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அங்கிருந்த பணியாளர் மிகுந்த பரிவோடு, ஆனால் சற்றும் விட்டுக்கொடுக்காமல், உயரம் பார்க்கும் அளவுகோலைக் காட்டினார். இவன் தலை அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. அவர் செய்ததுதான் சரி. அடுத்ததற்கு விரைந்தோம், அங்கும் வரிசை. தினமும் ஒரு மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளை மூன்று மணி வரை கண் மூடவில்லை. நடைபாதைக் கல்லில் மல்லாந்து படுத்து, முதுகை வில்லாக வளைத்து, தூக்கப் போன என் கையையும் தள்ளிவிட்டு அவன் கதறியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அடம் பிடிக்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன். வண்டியில் ஏற்றிய இரண்டாவது நிமிடமே, பாதி தின்ற பிஸ்கட் கையிலிருக்க, அவன் தூங்கிப்போனதைப் பார்த்தபோதுதான், அவ்வளவு நேரமும் அவன் கேட்டது தூக்கத்தை மட்டுமே என்று புரிந்தது. அன்று நான் பட்ட வருத்தம் உனக்கு வேண்டாம்.

ஆகவே, அட்டவணையின் முதல் வரியாகப் பகல் தூக்கத்தை எழுது. மற்றவற்றை அதற்கு முன்னும் பின்னும் பொருத்திக்கொள். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வெளியூர் போன நாளில் மட்டும் அந்தத் தேவை குறைந்துவிடுவதில்லை. புதிய முகங்கள், புதிய ஓசைகள், ஓயாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து அதைக் கூட்டத்தான் செய்யும். சின்னவன் தள்ளுவண்டியில் தூங்கிவிடுவான் என்று எழுதியிருந்தாய். ஆனால் பெரியவளுக்கு இருட்டும் படுக்கையும் வேண்டும் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். நீங்கள் தங்கும் அறை பூங்காவிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில்தானே இருக்கிறது? பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, இருவரையும் அறையில் தூங்க வைத்துவிடுங்கள். எழுந்ததும் இருவரும் தெளிவாக இருந்தால், வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணி நேரம் மறுபடி போய் வரலாம். வெளியே போனால் அதே டிக்கெட்டில் திரும்ப விடுவார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள். தெளிவாக இல்லையென்றால் போக வேண்டாம். காலையில் பார்த்ததே அந்த வயதுக்கு நிறைய.

காலையில் கதவு திறப்பதற்கு அரைமணி நேரம் முன்பே வாசலில் நிற்பதுதான் முழு நாளுக்குமான பெரிய உதவி. முதல் ஒன்றரை மணி நேரத்தில் அலுங்காமல் முடிகிற மூன்று காரியங்களுக்கு நண்பகலில் மூன்று மணி நேரம் ஆகும். வார நாளாகப் பார்த்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

உயரக் கணக்கை வீட்டிலேயே முடித்துவிடு. பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றில் ஏற 102 சென்டிமீட்டராவது உயரம் வேண்டும், சிலவற்றுக்கு 122 சென்டிமீட்டர். இரண்டு வயதுப் பிள்ளையின் சராசரி உயரமோ 86, 87 சென்டிமீட்டர்தான். தடுப்புக் கம்பியும் பெல்ட்டும் அதைவிடச் சிறிய உடம்பை இறுகப் பிடித்து வைக்காது என்பதால் வைத்த எல்லை அது. கோட்டைத் தொடுவதற்காகப் பிள்ளையை எக்கி நிற்கச் சொல்லும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்கிவிடும். ஷூ போட்டு நிறுத்தி ஒரு முறை அளந்து, பூங்காவின் இணையதளத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உன் தாளில் ஐந்து வரிகள் தாமாகவே நீங்கிவிடும் என்று நினைக்கிறேன். உன் கணவருக்கு ரோலர் கோஸ்டரில் ஏறும் ஆசை இருப்பதாக எழுதியிருந்தாய், அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் பிள்ளைகளோடு இருந்து, பிறகு மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் அவர் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு பெரிய பூங்காக்கள் பலவற்றில் இருக்கிறது. வரிசையின் வாயிலில் நிற்கும் பணியாளரிடம் நாமாகக் கேட்க வேண்டும்.

இனி, இரண்டாவது முறை நாங்கள் போனதைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது சின்னவளுக்கு இரண்டேகால் வயது. கதவு திறந்ததும் நேராகக் குடைராட்டினத்துக்குப் போனோம். வரிசையே இல்லை, ஆனால் அவள் ஏற மாட்டேன் என்று என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சரி என்று விட்டுவிட்டு வேலியோரம் நின்றோம். சிறிது நேரத்தில் அவளாகவே வந்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே முகத்தைப் பதித்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். அந்த ராட்டினத்தில் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது; சிவப்புக் கடிவாளம், இடது காதின் நுனியில் சாயம் உதிர்ந்து பழுப்பாகத் தெரியும். அது எதிரே வரும்போதெல்லாம் அவள் கையசைத்தாள். அது வளைவில் மறைந்ததும் கையை இறக்கி, இமை கொட்டாமல், வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். மறுபடி வந்ததும் "வந்துடுச்சு!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். இப்படி ஏழு சுற்றுகள். போனது திரும்பி வருகிறது என்பதே அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குதிரையில் உட்காரவில்லை, அசையாமல் இருக்கும் இருக்கையில் என் மடியில் உட்கார்ந்தாள். அடுத்த சவாரிக்கு அதே இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது சவாரிக்கு வெள்ளைக் குதிரைதான். அதன் சாயம் போன காதைச் சுற்று முடியும்வரை தடவிக்கொண்டே இருந்தாள். மொத்தம் நாற்பது நிமிடம். கையில் பதினேழு வரித் தாள் இருந்திருந்தால், அவள் முதலில் மாட்டேன் என்று சொன்ன அந்த நொடியிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்திருப்பேன்.

டிஸ்னிலேண்ட் பற்றிய எண்ணம்கூட ஒரு குடைராட்டினத்தின் பக்கத்தில்தான் பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க்கில் தம் இரு மகள்களும் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அவர் சொன்னதில் வரும் "சேர்ந்து" என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவர் செல்போனில் வரைபடம் பார்த்து அடுத்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்க, இன்னொருவர் வரிசையில் இடம் பிடிக்க ஓட, பாட்டி பைகளோடு ஒரு மூலையில் நிற்க, அங்கே சேர்ந்திருப்பது எப்படி?

ஒன்பதாவது வரியில், பெரிய பொம்மைத் தலை மாட்டிய வேடக்காரரோடு பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்க வைத்துப் படம் எடுப்பதாக எழுதியிருக்கிறாய். அதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடு. படப்புத்தகத்தில் உள்ளங்கை அளவில் பார்த்துப் பழகிய முயல், ஆறடி உயரத்தில், இமைக்காத கண்களோடு எதிரே வந்து நின்றால் இரண்டு வயதுப் பிள்ளை பயப்படுவது இயல்பு. தூரத்திலிருந்து கையசைக்கட்டும், தானாக நெருங்கினால் நெருங்கட்டும். இருட்டுக் குகைக்குள் போகும் சவாரிகளுக்கும் இதே பேச்சுதான். வாணவேடிக்கையை முழுவதுமாக எடுத்துவிடு. தூங்கும் நேரம் தாண்டிப் போகும், வெடிச்சத்தமும் அந்தக் காதுகளுக்கு அதிகம்.

கழிவறை பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். பெரியவளுக்கு டயப்பர் பழக்கத்தை இப்போதுதான் நிறுத்தியிருக்கிறாய். பொதுக் கழிவறைகளில் சென்சார் வைத்துத் தானாக நீர் பாயும் அமைப்பு இருந்தால், சிறு உடம்பு சற்று அசைந்தாலும் ஆள் எழுந்துவிட்டதாக எண்ணி, குழந்தை உட்கார்ந்திருக்கும்போதே தண்ணீர் பேரிரைச்சலோடு பாயும். என் மகள் ஒரு முறை அப்படிப் பயந்துவிட்டு, அன்று முழுவதும் கழிவறைப் பக்கமே வர மறுத்துவிட்டாள். பின்பக்கம் பசை உள்ள குறிப்புத்தாளில் நாலைந்தைப் பையில் வைத்துக்கொண்டு, போனதும் சென்சார் கண்ணின்மேல் ஒன்றை ஒட்டிவிடு. குழந்தையை இறக்கிய பிறகு எடுத்துவிடலாம். கை உலர்த்தும் கருவியின் ஊளைச் சத்தத்துக்கும் பயப்படுவாள், ஒரு சிறு துண்டு எடுத்துப் போ.

வெயில் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சின்னவன் தள்ளுவண்டியில் தூங்கும்போது, வெயில் படக்கூடாது என்று துண்டாலோ போர்வையாலோ அதை மூடிவிடாதே. மெல்லிய துணியாக இருந்தாலும் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு வேகமாக ஏறும், அவன் முகமும் உங்களுக்குத் தெரியாது. வண்டியையே நிழலுக்கு நகர்த்துங்கள். சிறு பிள்ளைகளின் உடல் நம்முடையதைவிட விரைவில் சூடேறிவிடும், தாகம் என்று சொல்லவும் தெரியாது. நீங்களாகவே அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரில் நனைந்து வந்த பிறகும் மறுபடி தடவு.

உன் அம்மாவும் உடன் வருவது பெரிய பலம். ஆனாலும் நான்கு கண்களுக்கு மேல் இருக்கும் இடத்தில்தான் பிள்ளை கண்ணில் படாமல் போகும். அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். எந்த நேரத்தில் எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். நீர் விளையாட்டுத் திடலில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தாலும், பொறுப்பில் இருப்பவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்; மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. உள்ளே நுழையும் முன் இருவரையும் அன்றைய உடையில், காலணி தெரிய, ஒரு படம் எடுத்துக்கொள். தொலைந்துபோனால் என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. உன் செல்போன் எண்ணைப் பெரியவளின் முன்கையில் பேனாவால் எழுதிவிடு. சின்னவனுக்கும் எழுது.

கிளம்பும் நேரத்தை மணி பார்த்து முடிவு செய்யாமல், பெரியவள் முகத்தைப் பார்த்து முடிவு செய். கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது, அதுவரை தானே நடந்தவள் தூக்கச் சொல்லிக் கை நீட்டுவது, இவற்றில் இரண்டு தெரிந்தாலே போதும். "இன்னும் ஐந்து நிமிடம்" என்றால் அந்த வயதுக்கு ஒன்றும் விளங்காது. "இன்னும் ஒரு சுற்று, பிறகு குதிரைக்கு டாட்டா" என்றால் விளங்கும். என் மகள் அந்த வெள்ளைக் குதிரைக்கும் வேலிக்கும் வாசலுக்கும் தனித்தனியாக டாட்டா சொல்லிவிட்டுத்தான் வந்தாள். வண்டியில் ஏறும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

திருத்திய தாளை அனுப்பு, ஆவலோடு காத்திருக்கிறேன். மூன்றில் ஒன்று குடைராட்டினமாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், மற்ற இரண்டும் உன் விருப்பம். போய் வந்த பிறகு, பெரியவள் எதன் முன்னால் அதிக நேரம் நின்றாள் என்பதை மறக்காமல் எழுது. இங்கே இரண்டு பேர் அதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி