பால்டருக்காக அழாத தொக் பாட்டிக்கு

குகைக்குள் குடியிருக்கும் தொக் பாட்டிக்கு வணக்கம்.

உங்கள் பெயரை இங்கே சொன்னால் மாங்காய்த் தொக்கைத்தான் நினைப்பார்கள். ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் அதற்குப் பொருள் நன்றி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் செய்த காரியம் இருக்கிறதே!

ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய 'எட்டா' என்ற நார்ஸ் புராண நூலில் எல்லாம் இருக்கிறது. புல்லுருவிக் குச்சி பாய்ந்து பால்டர் என்ற தேவன் செத்துப்போனான். உலகத்தில் உள்ள அத்தனையும் அவனுக்காக அழுதால் திருப்பி அனுப்புகிறேன் என்றாள் பாதாளத்து ஹெல். மனிதர், விலங்கு, மண், கல், மரம் எல்லாம் அழுதன. உலோகம்கூட அழுதது, உறைபனியிலிருந்து சூட்டுக்கு வந்ததும் அதன்மேல் நீர் கோத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் என்கிறார் ஸ்னோரி. நீங்கள் மட்டும், என் கண்ணீர் வறண்ட கண்ணீர், தன்னிடம் இருப்பதை ஹெல்லே வைத்துக்கொள்ளட்டும் என்றீர்கள். அது சூழ்ச்சிக்காரத் தேவன் லோக்கி போட்ட வேஷம் என்று ஊரே பேசியதாம். பெயர் வைத்தவருக்குக் குசும்பு ஜாஸ்தி.

உங்கள் பெயருக்கு வேர், நினைத்தல். ஒருவர் செய்ததை மனதில் வைத்திருப்பதே நன்றி. ஜெர்மானியரின் 'டாங்க்' இதற்குப் பங்காளி; நார்ஸில் 'ங்க்' தேய்ந்து 'க்க்' ஆகிவிட்டது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கில் முதல் ஒலியும் மாறி 'டக்' ஆனது. பழைய ஒலியை விடாத ஐஸ்லாந்துக்காரர்களும் இன்று பேச்சில் 'டக்' என்றே சொல்கிறார்கள். அந்த 'ட' ஒன்றே அது டேனிஷ் இரவல் என்று காட்டிக்கொடுத்துவிடும். 'தக்கா தியெர் ஃபிரிர்' என்று முழுசாகச் சொல்லும்போதுதான் உங்கள் வம்சம் தலைகாட்டுகிறது.

நார்வேயில் நினைப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விருந்தில் பழகியவரை அடுத்த முறை பார்த்தால் 'டக் ஃபார் சிஸ்ட்', அதாவது போன தடவைக்கு நன்றி. சாப்பிட்டு எழுந்தால் அதற்கொன்று, விடைபெறும்போது இன்னொன்று. கல்லறைக் கற்களில் 'டக் ஃபார் அல்ட்', எல்லாவற்றுக்கும் நன்றி. செத்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத உங்கள் பெயர், செத்தவர்களின் தலைமாட்டில்! இதற்காவது கொஞ்சம் கூச்சப்பட வேண்டாமா பாட்டி?

பின்லாந்தில் மட்டும் உங்கள் ஜம்பம் சாயாது. அது வேறு மொழிக்குடும்பம். அங்கே 'கீட்டோஸ்', புகழ்வதிலிருந்து வந்த சொல். வடக்கே 'சாமி' என்னும் பழங்குடி மக்கள் சொல்லும் 'கீத்து'வும் அதற்குச் சொந்தம்தான். தேவர்கள் மறுபடி தேடி வந்தால் அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளுங்கள், பெயரைக் கேட்டு யாருக்கும் சந்தேகம் வராது.

இப்படிக்கு,
உங்கள் பெயரைத் தினமும் இரவல் வாங்கும் ஒருவன்