ஹோட்டல் என்று நினைத்து ஏறாதே

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் உங்கள் உல்லாசக் கப்பல் பயணம் பற்றி நீ அனுப்பிய கேள்விகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க என் விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையும் ஒருமுறை படிக்கட்டும். சம்பந்தி வீட்டாருக்கு வேண்டியதை நீ போனில் சொல்லிவிடு.

நீச்சல் குளம் எத்தனை, பால்கனி எவ்வளவு பெரிது, இரவு என்ன ஷோ என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். ஹோட்டலில் அறை போட்டவள் கேட்கிற கேள்விகள். தப்பில்லை, அவர்கள் விளம்பரமே அப்படித்தான். ஆனால் துறைமுகத்தில் இழுவைப் படகில் காலம் தள்ளியவனுக்கு அது முதலில் கப்பல், அப்புறம்தான் மற்றதெல்லாம். நீயும் அப்படி நினைத்துக்கொண்டு ஏறினால், அங்கே போடும் விதிகளில் பாதிக்கு விளக்கமே வேண்டியிருக்காது.

முதலில் சம்பந்தியின் விசா. தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்து இறங்க ஒரு முறை நுழைவு. மரினா பேயில் கப்பல் ஏறினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி வரும்போது மறுபடியும் குடிநுழைவுச் சோதனை உண்டு. ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று இப்போதே பார்க்கச் சொல். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் என்ன தேவை என்பதை அந்தந்த நாட்டு அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள். பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் போய்விட்டு வந்து சொன்ன விதி இந்த வருஷம் மாறியிருக்கலாம். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அதைச் செய்யலாம். உங்கள் பயணக் கணக்குப்படி புக்கெட்டில் கரையில் இருக்கும்போதே முடித்துவிடலாம். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடு.

கிளம்பும் நாளில், கப்பல் மாலையில்தானே புறப்படுகிறது என்று தேக்காச் சந்தையில் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உங்களுக்கு ஒதுக்கிய நேரத்துக்கே போங்கள். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே பதிவை மூடிவிடுவார்கள். மரினா சவுத் பியர் எம்ஆர்டியிலிருந்து நடந்து போகலாம்தான். ஆனால் ஆறு பெட்டி, இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை என்றால் டாக்சியே மேல்.

பெட்டிகளை வாசலிலேயே அறை எண் எழுதிய சீட்டு கட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேரச் சில சமயம் சாயங்காலம் தாண்டிவிடும். மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, பேரனின் நீச்சல் உடை, மாற்று உடை ஒரு செட், இவையெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சம்பந்தியின் சர்க்கரை மாத்திரை முக்கியமாக.

பெட்டிகள் எல்லாம் ஸ்கேனரில் போகும். இஸ்திரிப்பெட்டி, கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், மெழுகுவர்த்தி எது இருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். உன் மாமியார் விளக்கு ஏற்றாமல் காலையில் காப்பியைத் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். கற்பூரம், ஊதுபத்தி எதுவும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். தேக்காவில் பேட்டரி விளக்கு விற்கிறார்கள், அம்மா வாங்கி வைப்பாள். இதைக் கெடுபிடி என்று நினைக்காதே. நடுக்கடலில் தீ பிடித்தால் வண்டி எடுத்துக்கொண்டு வர யாரும் இல்லை. 1985-இல் எம்.வி.சிதம்பரம் என்ற பயணிகள் கப்பல் ஊருக்குப் போகும் வழியில் தீப்பிடித்து எத்தனை பேர் போனார்கள் என்று இங்கே என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாதுகாப்புப் பயிற்சியும் அதே மாதிரிதான். இப்போது பல கப்பல்களில் போனிலேயே ஒரு வீடியோ பார்க்கச் சொல்லி, அப்புறம் உங்களுக்கு உரிய கூடும் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும் என்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. காட்டிவிட்டு ஓடி வராமல், அறையிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் படியில் ஒருமுறை எல்லாரும் நடந்து பாருங்கள். ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல். அதுதான் அபாய அறிவிப்பு. பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தால் விளையாட்டாகவே பிடித்துக்கொள்வான். பேரனுக்கு அவன் அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்றும் அறைப் பணியாளரிடம் கேட்டுவிடு. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அப்போது ஏறி ஒரு நாளுக்குள் நடத்தினால் போதும் என்று விதி. அதற்குப் பிறகுதான், கிளம்பும் முன்னரோ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள்.

கப்பல் கிளம்பும்போது எல்லாரும் பாட்டு, ஆட்டம் என்று நடுத் தளத்தில் கூடுவார்கள். நீங்கள் பேரனைக் கூட்டிக்கொண்டு ஓரத் தளத்துக்கு வாருங்கள். பினாங்குக்குப் போகிற கப்பல் மேற்கே திரும்பி, சிங்கப்பூர் நீரிணையின் வடக்குத் தடத்தில் போகும். அதனால் சிங்கப்பூர் வலப்பக்கம். நங்கூரம் போட்ட கப்பல்கள், புலாவ் புக்கோம் எண்ணெய் ஆலையின் தீப்பிழம்பு, தென் தீவுகள், அப்புறம் கடைசியில் 1855-இல் கட்டிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் எல்லாம் அந்தப் பக்கம்தான். இடப்பக்கம் பால்கனி எடுத்தவர்களுக்கு இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுதான். நீ இன்னும் அறையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் வலப்பக்கம் கேள். பால்கனிக்குக் காசு கொடுப்பது இந்த ஒரு மாலைக்கே தகும் என்பது என் கட்சி. அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள். ஜன்னல் இல்லாத உள்ளறையில்தான் நல்லாத் தூங்கலாம் என்பாள். அங்கே விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, குழந்தைக்கு ஒரு சின்ன இரவு விளக்கு வேண்டும்.

கொடிமரத்தில் பாதி வெள்ளை, பாதி சிவப்பாக ஒரு கொடி பறந்தால் துறைமுகத்திலிருந்து கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் இன்னும் மேலே இருக்கிறார் என்று அர்த்தம். கொஞ்ச தூரம் போனதும் ஒரு சின்னப் படகு கப்பலை ஒட்டி வரும். கப்பலின் பக்கவாட்டில் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவு திறக்கும், கயிற்றேணி தொங்கும். பைலட் இறங்கி ஏணியின் கடைசிப் படிகளில் நின்று கீழே பார்ப்பார். படகு அலையில் எழும்பும், தாழும். எழும்பி உச்சிக்கு வரும் நொடியில்தான் காலை எடுத்து வைப்பார். தாழும்போது வைத்தால் போச்சு. படகில் இருப்பவன் அவர் முதுகுப்பக்கம் கையை நீட்டிக்கொண்டே நிற்பான். கப்பல் நிற்காது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். எந்த ஷோவை விட்டாலும் இதை விடாதே. இந்தப் பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு எங்கள் இழுவைப் படகு பெரும்பாலும் வேண்டியதில்லை. முன்னால் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் திரஸ்டர், பின்னால் முழுச் சுற்றும் திரும்புகிற அசிபாட் என்ற உந்தி, தானே கரையை விட்டு நகர்ந்துவிடும். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

உன் தாத்தா வந்த ரஜூலா கப்பலும் நாகப்பட்டினம், பினாங்கு என்று இதே மலாக்கா நீரிணை வழியாகத்தான் வந்தது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஒரு வாரம் போல. பேரனிடம் சொல், நம்பமாட்டான்.

கிளம்பியதும் எல்லாரும் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கரை சிக்னல் போனதும் போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் வலையைப் பிடித்துக்கொள்ளும். நீ வாங்கும் ரோமிங் பேக்கேஜில் பொதுவாக அது சேராது. பில் வந்த பிறகு புலம்பிப் பயனில்லை.

தலைசுற்றல் பற்றிப் பயப்படாதே. மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதிதான், கப்பலுக்கு அடியில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகளும் உண்டு. நீங்கள் போகும் செப்டம்பரில் விடிகாலையில் சுமத்ராவிலிருந்து திடீர்க் காற்று மழை வரலாம், ஓரிரு மணியில் ஓய்ந்துவிடும். சம்பந்தி அம்மாவுக்கு கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடு. மேல்தளமும் மூக்கும்தான் அதிகம் ஆடும். வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது. இஞ்சி மரப்பா கொண்டுவரச் சொல். வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தாலே பாதி சரியாகும்.

புக்கெட்தான் கொஞ்சம் இழுபறி. தென்மேற்குப் பருவக்காற்று முடியாத மாதம் என்பதால் அந்த மேற்குக் கரையில் அலை அடிக்கும். பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். அலை மோசமென்றால் கேப்டன் படகை விடமாட்டார், துறைமுகத்தையே ரத்து செய்துவிடுவார். அன்று சேவை மேசைக்கு முன்னால் நின்று சண்டை போடும் கூட்டத்தில் மாப்பிள்ளை இருக்கக்கூடாது. டிக்கெட்டில் ஊர்ப் பெயர் போட்டிருந்தாலும் முடிவு கேப்டனுடையது. கடலைப் பார்த்து முடிவெடுக்கிறவர்மேல் எனக்கு மரியாதை.

இறங்கினால் நேரத்தைக் கவனி. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கரையில் போன் அந்த நேரத்தைக் காட்டும், கப்பல் தன் நேரத்தில் ஓடும். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு அதையே நம்பு. நீயாக டாக்சி பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த சுற்றுலா என்றால்தான் அவர்கள் பொறுப்பு. பினாங்கில் இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலை சம்பந்திக்குக் காட்டிவிட்டு, ஒரு செண்டோல் குடித்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிருந்து போகும் கப்பல்களில் இந்தியச் சைவம் பெரும்பாலும் கிடைக்கும், சாம்பாருக்குச் சாம்பார் என்ற பெயர் மட்டும் இருக்கும். சுத்த சைவம் என்று முன்பதிவிலேயே குறிப்பிடு. பஃபே வாசலில் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொன்னால் கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோவைரஸ் வயிற்றுப்போக்கை வெறும் சானிடைசர் சரியாகத் தடுக்காது. அப்புறம், பணம் கட்டியாச்சு என்று ஐந்து வேளையும் தட்டை நிரப்பும் கியாசு புத்தி, எதையும் விட்டுவிடக்கூடாது என்ற அந்தப் பேராசை, வேண்டாம். மிச்சம் வைத்த தட்டுகளைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

கப்பலுக்குள் காசு புழங்காது. அறை அட்டையைத் தட்டித் தட்டி வாங்குவதால் செலவு உறைக்காது, கடைசி இரவு பில்லைப் பார்க்கும்போதுதான் உறைக்கும். ஒவ்வொருவர் பெயரிலும், பல கப்பல்களில் பேரன் உட்பட, நாளுக்கு இவ்வளவு என்று சேவைக்கட்டணம் ஏறும். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதே. அறையைச் சுத்தம் செய்யும் பையன் வீட்டைப் பார்க்காமல் மாதக்கணக்கில் கடலில் இருக்கிறவன். மது பேக்கேஜை மாப்பிள்ளை வாங்கினால் அதே அறையில் இருக்கும் நீயும் வாங்கவேண்டும் என்பது பல கப்பல்களில் விதி, கணக்குப் போட்டுப் பார். மருத்துவர் கப்பலிலேயே உண்டு, ஆனால் கட்டணம் கையைச் சுடும். உல்லாசக் கப்பலையும் சேர்த்துக் காப்புறுதி எடு.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் போட வேண்டிய உடுப்பை எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் பெட்டியை மூடு. இரவு உடையிலேயே இறங்கி வந்த ஒரு பெரியவரை நானே பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை கப்பல் கடையில் சிகரெட் மலிவு என்று வாங்கிவிடப் போகிறார். சிங்கப்பூருக்குள் சிகரெட்டுக்கு வரிச்சலுகை ஒன்றுகூடக் கிடையாது.

இறங்கும் காலையில் டாக்சி வரிசை நீளமாக இருக்கும். பக்கத்து வீட்டு வேனைக் கேட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு எந்த நேரத்தில் இறங்கும் முறை என்று அட்டையில் போட்டிருக்கும், சிங்கப்பூர் சிக்னல் கிடைத்ததும் அதை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா